ஒரே வசனத்தின் இரண்டு பாதிகள்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த வருஷம் தைப்பொங்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், பனங்காடுகளுக்கும் தேரிமணலுக்கும் நடுவே அமைந்த எங்கள் ஊரில், அம்மன் கோயில் ஒரு தெருவிலும் எங்கள் ஆலயம் அடுத்த தெருவிலும் இருந்தன. இரண்டு தெருவாருக்கும் பொதுவாக ஒரு கிணறும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருவர் வீட்டு முற்றத்தில் மற்றவர் போய் நிற்கும் வழக்கமும் இருந்தன. காலை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய சிறிது நேரத்தில், வடக்கு வீட்டு அத்தை ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலும் கையில் இரண்டு துண்டு கரும்புமாக வாசற்படியில் வந்து நின்று, "மதினி, பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று என் ஆச்சியைக் கூப்பிட்டாள்.

ஆச்சி அடுக்களையிலிருந்து வருவதற்குள், திண்ணையில் அமர்ந்திருந்த தாத்தா பதில் சொல்லிவிட்டார். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. "படைச்சதை நாங்க சாப்பிடுறது இல்லம்மா, உனக்குத் தெரியாதா? கரும்பை மட்டும் வச்சுட்டுப் போ" என்றார். அத்தை சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். ஆனால் திறந்து காட்டுவதற்காகப் பாதி தளர்த்தியிருந்த அந்தத் தூக்குச்சட்டியின் மூடியை அவள் உள்ளங்கையால் மறுபடியும் அழுத்தி மூடிய ஓசை, இத்தனை வருஷங்களுக்குப் பின்னும் என் காதில் இருக்கிறது.

மத்தியானம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி ஆட்டுக்கறிக் குழம்பும், சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வதக்கிய ரத்தப் பொரியலும் ஆயின. தாத்தாவுக்கு ரத்தப் பொரியல் என்றால் மிகுந்த பிரியம். அதில் பாதி அவருடைய இலைக்கே போகும். அன்று மாலை குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, அத்தையின் பொங்கல் கிடைக்காத ஏக்கம் இன்னும் தீராத நான், படைத்த பண்டத்தைச் சாப்பிடக் கூடாதென்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆசிரியராயிருந்தவர் எதையும் தாம் சொல்லமாட்டார். பிள்ளைகளைக்கொண்டே எடுக்கச் செய்வார். "அப்போஸ்தலர் நடபடிகள், பதினைந்தாம் அதிகாரம், இருபத்தொன்பதாம் வசனம், சத்தமாய் வாசி" என்றார். வாசித்தேன். விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றை விலக்கச் சொல்லும் அந்த வசனம், அதே மூச்சில், இரண்டாவதாக, இரத்தத்தையும் விலக்கச் சொல்லுகிறது.

"தாத்தா, மத்தியானம் நாம ரத்தம் சாப்பிட்டோமே?" என்றேன்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "நல்ல கேள்விதான். ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லி முழங்காற்படியிட்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை முடிவில் சொல்லுகிறேன். ஏனெனில் அந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்பதையும், எத்தனை பெரிய மனிதர்களையும் எத்தனை பெரிய சபைகளையும் அது கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறது என்பதையும் நானே அறிந்துகொள்ளப் பல வருஷங்கள் பிடித்தன.

கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பிற சமயத்து நண்பர்கள் அதைச் சொல்லுகிறார்கள். நாத்திக நண்பர்கள் சொல்லுகிறார்கள். ஒரு சபையார் இன்னொரு சபையாரைப் பார்த்து அதைவிட உரக்கச் சொல்லுகிறார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பலர், தாங்கள் எதையும் விடுவதில்லை, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்கிறோம் என்று பதிலளிக்கிறார்கள். நான் அந்தப் பதிலைச் சொல்லப் போவதில்லை. தேர்ந்துகொள்ளாமல் வேதத்தை வாசித்த மனிதர் ஒருவரும் இருந்ததில்லை. தேர்ந்துகொள்வது குற்றமும் இல்லை. நாம் இறுகப் பற்றிக்கொண்ட பாதிக்கும், கண்டும் காணாமல் விட்ட பாதிக்கும் உரிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேளாமலிருப்பதே குற்றம் என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

முதலில், எழுத்துக்கு எழுத்து என்னும் வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கடனுக்கு வட்டி வாங்கலாகாது என்று யாத்திராகமமும் லேவியராகமமும் உபாகமமும் சொல்லுகின்றன. பதினைந்தாம் சங்கீதமும் வட்டி வாங்காதவனையே நல்லவனென்று காட்டுகிறது. 325-ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய மகாசங்கம், வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்கும்படி விதித்தது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வட்டித் தொழில் செய்வோருக்குத் திருவிருந்தையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. இன்று எந்தச் சபையின் பணம் வங்கியில் வட்டியோடு வளரவில்லை? செதிளும் சிறகும் இல்லாத கடற்பிராணிகளை லேவியராகமத்தின் பதினோராம் அதிகாரம் விலக்குகிறது. ஆனால் முத்துக்குளித்துறைக் கடற்கரையின் கிறிஸ்தவ வீடுகளில் இறாலும் நண்டும் கணவாயும் இல்லாத விருந்தை நான் கண்டதில்லை. ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்தும்படி பவுல் தம் நிருபங்களில் நான்கு முறை கட்டளையிடுகிறார், நாம் கைகூப்பிக்கொள்ளுகிறோம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் பெண்களுடைய அலங்காரத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் தலைப்பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை என்று நான்கையும் ஒருசேரச் சொல்லுகிறது. நகையைக் கழற்றினாலொழிய ஞானஸ்நானம் இல்லை என்று சொல்லும் சபைகளை நம் நாட்டில் அறிவேன், ஆயினும் பின்னலை அவிழ்த்துவிட்டு வரச் சொன்ன சபை எதையும் அறியேன்.

இவற்றையெல்லாம் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. இவற்றில் பலவற்றுக்கு நேர்மையான காரணங்கள் உண்டு. வேதாகமம் ஒரு நூல் என்று நாம் பேசுகிறோமாயினும், அது உண்மையில் ஒரு நூலகம். புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் ஒப்புக்கொள்ளும் 66 ஆகமங்கள், எபிரெயம், அரமேயம், கிரேக்கம் என்ற மூன்று மொழிகளில், பல நூற்றாண்டுகளில், அரண்மனையிலும் சிறையிலும் நாடுகடத்தப்பட்ட பூமியிலும் எழுதப்பட்டவை. கத்தோலிக்கர் இன்னும் ஏழு ஆகமங்களைச் சேர்த்து எண்ணுகிறார்கள். அவற்றுள் சட்டம் உண்டு, வம்சவரலாறு உண்டு, காதற்பாட்டு உண்டு, பழமொழி உண்டு, கனவு உண்டு, குடும்பக் கடிதமும் உண்டு. பாட்டைச் சட்டமாகவும் சட்டத்தைக் கனவாகவும் வாசிப்பவன் எழுத்துக்கு உண்மையாயிருப்பவனல்லன். ஆகவே தேவசபையின் வித்துவான்கள் நெடுங்காலமாகப் பழைய ஏற்பாட்டுப் பிரமாணங்களைச் சடங்குக்குரியவை, அரசாட்சிக்குரியவை, நன்னெறிக்குரியவை என மூன்றாகப் பிரித்து, மூன்றாவது மாத்திரமே எக்காலத்தாரையும் கட்டும் என்று போதித்து வந்தார்கள். எங்கள் ஊர்ச் சபைக்குத் தாயாயிருந்த இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுள் ஏழாவது இதைத்தான் சொல்லுகிறது. பிரமாணங்களை இப்படி மூன்றாகப் பிரித்துப் பெயரிடும் வசனம் வேதத்தில் எங்கும் இல்லை. அதுவும் வாசகர்கள் தேர்ந்துகொண்ட வழியே.

இன்னும் சொல்லப் போனால், தேர்ந்துகொள்ளும் வேலை வேதத்துக்கு வெளியே தொடங்கியதன்று. தாத்தா என்னை வாசிக்கச் சொன்ன அந்தப் பதினைந்தாம் அதிகாரமே அதற்கு முதற்சாட்சி. யூதரல்லாதவர்கள் கிறிஸ்துவை விசுவாசித்துச் சபைக்குள் வரத் தொடங்கியபோது, மோசேயின் பிரமாணப்படி விருத்தசேதனம் பெற்றாலன்றி அவர்களுக்கு இரட்சிப்பில்லை என்று சிலர் வாதித்தார்கள். ஆதியாகமத்தின் பதினேழாம் அதிகாரமோ அதை நித்திய உடன்படிக்கை என்றே கூறுகிறது; எழுத்தின்படி பார்த்தால் வாதித்தவர்கள் பக்கமே வசனம் இருந்தது. எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி, நெடுநேரம் தர்க்கித்து, தங்கள் பிதாக்களாலேயே சுமக்க முடியாதிருந்த நுகத்தைப் புதிதாய் வந்தவர்களின் கழுத்தில் வைப்பது தகாது என்று பேதுரு எடுத்துச் சொன்னதை ஏற்று, விருத்தசேதனத்தை விட்டு, நான்கு விலக்குகளை மாத்திரம் எழுதி அனுப்பினார்கள். பிறருடைய கழுத்திலிருந்து ஒரு சுமையை இறக்குவதற்காக எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் ஒரு பாதியைக்கொண்டு, பொங்கல் நாளில் நாங்கள் ஓர் அயல்வீட்டாளின் தூக்குச்சட்டியை மூடச் செய்தோம் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் உறைத்தது.

அதற்கும் முன்னே, நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்து வாசித்த காட்சியை லூக்கா நமக்குத் தந்திருக்கிறார். தரித்திரருக்கு நற்செய்தியும் சிறைப்பட்டவருக்கு விடுதலையும் அறிவிக்கும் அந்தப் பகுதியை வாசித்து வந்தவர், ஆண்டவருடைய அனுக்கிரக வருஷம் என்ற இடத்தில் நிறுத்தி, சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஏசாயாவின் அறுபத்தோராம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள்: அவர் நிறுத்திய இடத்துக்கு அடுத்த சொற்றொடர் தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளைப் பற்றியது. வாக்கியத்தின் நடுவிலே அவர் நிறுத்தினார். மனைவியைத் தள்ளிவிடுவதைப் பற்றிக் கேட்டவர்களிடமும், மோசே அதை அனுமதித்தது உங்கள் இருதயக் கடினத்தினிமித்தமே என்று சொல்லி, வேதத்தின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியால் நிறுத்துப் பார்த்தார். எதைக்கொண்டு நிறுக்க வேண்டும் என்று கேட்டபோது, தேவனிடத்து அன்பும் பிறனிடத்து அன்பும் ஆகிய இரண்டிலேயே பிரமாணமும் தீர்க்கதரிசனமும் முழுவதும் தொங்குகின்றன என்று விடை தந்தார்.

ஆதிச்சபையின் ஆசிரியர்கள் இதை அறியாதவர்களல்லர். அலெக்சாந்திரியாவில் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன், சூரியன் படைக்கப்படுவதற்கு முன்பே முதலாம் இரண்டாம் மூன்றாம் நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று கேட்டு, அவ்வகைப் பகுதிகள் உட்பொருளைத் தேடும்படி நம்மைத் தூண்டவே வைக்கப்பட்டவை என்று எழுதினார். ஆதியாகமத்துக்கு உரையெழுதிய அகஸ்தீன், வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி அவிசுவாசிகள் அனுபவத்தால் நன்கறிந்த விஷயங்களில் கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் பிழையாகப் பேசினால், அவர்கள் மறுமையைப் பற்றிய போதனையையும் நம்பமாட்டார்கள் என்று வருத்தத்தோடு எச்சரித்தார். அதே அகஸ்தீன், கிறிஸ்தவ போதனையைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஓர் உரைகல்லையும் தந்திருக்கிறார்: வேதத்துக்கு ஒருவன் சொல்லும் பொருள் தேவ அன்பையும் பிறரன்பையும் கட்டியெழுப்பாதாயின், அவன் இன்னும் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதே அது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்த விதியைவிடத் தெளிவான ஒன்றை நான் இன்றளவும் வாசிக்கவில்லை.

எழுத்தின்படி வாசிப்பவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டவர்களும், நெருக்கிக் கேட்கப்பட்டபோது இடம் கொடுத்திருக்கிறார்கள். 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்து டேட்டன் நகரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர்மேல் தொடரப்பட்ட வழக்கில், வேதத்தின் சார்பாக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ சாட்சிக்கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தபோது, படைப்பின் நாட்கள் இருபத்துநான்கு மணி நேரம் கொண்டவையாகவே இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்ததென்று நான் நினைக்கவில்லை. அவரும் தேர்ந்துகொள்ளுகிறவரே என்று அன்று எல்லாருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்ட மகாத்மாக்களும் உண்டு என்பதை இங்கே மறக்கலாகாது. எகிப்து தேசத்து வாலிபரான அந்தோணியார், பூரணனாயிருக்க விரும்பினால் உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற பொருள்பட இயேசு சொன்னது ஆலயத்தில் வாசிக்கப்படக் கேட்டு, வெளியே வந்து, பிதாவழி நிலங்களைக் கைவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியு கூறுகிறார். அந்த வாசகம் ஐசுவரியவானான ஒரு தனிமனிதனுக்குச் சொல்லப்பட்டது, நமக்கன்று என்று வியாக்கியானம் செய்து நம் நிலத்தையும் வீட்டையும் காத்துக்கொண்ட நாம், அந்தோணியாரை எழுத்துவாதி என்று இகழ முடியுமா? அவர் எழுத்தை வாசித்தார். அதற்குரிய விலையைத் தம்முடைய கையிலிருந்தே கொடுத்தார். இன்னொருவர் கையிலிருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சரித்திரம் மிகக் கொடிய உதாரணம் ஒன்றை வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் தென்மாகாணங்களிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். வேதத்தை ஒதுக்கிவிட்டு அல்ல, வேதத்தை விரித்து வைத்துக்கொண்டே அவர்கள் தங்கள் உடைமையை நியாயப்படுத்தினார்கள். அந்நிய ஜாதியாரை அடிமைகளாகக் கொள்ளலாம் என்ற லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தையும், வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருபத்தையும், தப்பியோடிய ஒநேசிமுவைப் பவுல் அவன் எஜமானாகிய பிலேமோனிடமே அனுப்பி வைத்ததையும் அவர்கள் எழுத்தின்படி எடுத்துக்கொண்டார்கள். மனிதனைத் திருடி விற்கிறவன் கொலைசெய்யப்பட வேண்டும் என்று யாத்திராகமத்தின் இருபத்தோராம் அதிகாரம் சொல்லுவதை அவர்கள் எழுத்தின்படி எடுத்துக்கொள்ளவில்லை. எஜமானுக்குத் தப்பி வந்த அடிமையை அவனிடம் ஒப்புக்கொடாதே என்று உபாகமத்தின் இருபத்துமூன்றாம் அதிகாரம் கட்டளையிட்டிருக்க, தப்பிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பதை எல்லா மாகாணத்தாருக்கும் கடமையாக்கிய சட்டம் 1850-இல் அமெரிக்கப் பேரவையில் நிறைவேறியது. அடிமைகளை வைத்திருப்போர் மிஷனரிகளாக நியமிக்கப்படலாமா என்ற வழக்கில் பாப்டிஸ்டு சபையே இரண்டாகப் பிளந்து, 1845-இல் தென்பகுதிப் பாப்டிஸ்டு மகாசங்கம் தனியே தோன்றியது. அந்தச் சங்கம் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 1995-இல், அதாவது நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து.

இவையெல்லாவற்றினும் என்னை நடுங்க வைத்தது ஒரு புத்தகம். 1807-இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தேர்ந்தெடுத்த பகுதிகளைக் கொண்ட ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதியும் அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருக்கிறது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட கதை இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் இருக்கிறது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்ற கலாத்தியர் வசனம் இல்லை. அதன் பிரதிகளில் ஒன்று நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் கல்விக்கென்று நிறுவப்பட்ட அந்தக் கல்விச்சாலையிலேயே அது பாதுகாக்கப்படுவது பொருத்தமென்றே நினைக்கிறேன். நாம் மனத்துக்குள் செய்வதை அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் கத்தரிக்கோலால் செய்தார்கள். மனத்துக்குள் செய்யப்படும் வெட்டுக்குப் பிரதி எதுவும் மிஞ்சுவதில்லையாதலால், அதைக் காட்சிசாலையில் வைத்துக் காட்ட இயலாது.

இதற்கு நேர் எதிராக, அடிமையாயிருந்த ஒரு மூதாட்டியும் வேதத்தில் தேர்ந்துகொண்டார். ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின வேதபண்டிதர் ஃப்ளோரிடாவில் தம் பாட்டியால் வளர்க்கப்பட்டவர். எழுத்தறியாத பாட்டிக்கு வேதத்தை வாசித்துக் காட்டுவது சிறுவனான அவருடைய வேலை. சங்கீதங்களையும் ஏசாயாவையும் சுவிசேஷங்களையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லும் பாட்டி, பவுலின் நிருபங்களை மாத்திரம் வாசிக்க விடுவதில்லை. எப்போதாவது ஒரு முறை, அன்பைப் பற்றிய கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. கல்லூரிக்குச் சென்று திரும்பியபோது தர்மன் துணிந்து காரணம் கேட்டார். அடிமைக் காலத்தில், எஜமானுடைய வெள்ளைப் போதகர் வருஷத்துக்குச் சில தடவை வந்து, எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் வாக்கையே ஒவ்வொரு தடவையும் பிரசங்கித்ததையும், என்றாவது விடுதலை கிடைத்து வாசிக்கவும் கற்றால் வேதத்தின் அந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று தாம் கடவுளிடம் பொருத்தனை செய்துகொண்டதையும் பாட்டி சொன்னார்.

இதே தர்மன் 1935-இல் நல்லெண்ணத் தூதுக்குழுவொன்றின் தலைவராக இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்தபின், அங்கிருந்த ஒருவர், உங்கள் மூதாதையரை அடிமைகளாக விற்றவர்களின் மதத்தை நீங்கள் எப்படித் தழுவியிருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடி அவர் எழுதிய சிறு நூல் 1949-இல் வெளிவந்தது. அதில்தான் பாட்டியின் கதையும் இருக்கிறது. அடிமை வேதாகமத்தைத் தொகுத்தவர்களும் வெட்டினார்கள், பாட்டியும் வெட்டினார், இரண்டும் ஒன்றுதானே என்று யாரேனும் கேட்கலாம். எஜமானர்கள் வெட்டியது வேறொருவன் காலில் விலங்கு நிலைத்திருப்பதற்காக. பாட்டி வெட்டியது தம் நெஞ்சில் கடவுள் நிலைத்திருப்பதற்காக. தம்மை அடித்த கோலாக ஆக்கப்பட்ட பக்கங்களை விலக்கி, அன்பின் அதிகாரத்தை மட்டும் கைவிடாத அந்த எழுத்தறியாத மூதாட்டி, அகஸ்தீனின் உரைகல்லை அறியாமலே அதில் உரசிப் பார்த்திருக்கிறார்.

கடல் கடந்த தேசத்தின் பாவத்தைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமலிருப்பதும் ஒருவகைத் தேர்வுதான். அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்ற அதே கலாத்தியர் வசனம் தமிழில் அச்சேறி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. அதற்குப் பின் நூறாண்டுக்கு மேலாகியும் தமிழ்ச் சபைகளில் உயர்ந்த ஜாதியார் ஒரு புறமும் தாழ்த்தப்பட்டோர் ஒரு புறமுமாக உட்கார்ந்தார்கள். கல்கத்தாவின் அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல், ஜாதி வேற்றுமை சபையில் உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சபையைவிட்டு விலகினார்கள். அவர்கள் வேதத்தை வெறுத்தவர்களல்லர். ஜாதி என்பது உலக வழக்கேயன்றி விசுவாசத்தைச் சேர்ந்ததன்று என்று மனதார நம்பி, அந்த ஒரு வசனத்தை ஆத்துமாக்களுக்குரியது, ஆசனங்களுக்குரியதன்று என்று வியாக்கியானம் செய்தவர்கள். தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் ஒரே சபையாருடைய எலும்புகள் இன்றும் ஜாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. முக்காடு நழுவிய பெண்ணைக் கண்டவுடன் கொரிந்தியர் நிருபத்தை நினைவுகூரும் நாம், அந்தச் சுவரைக் கடந்து போகும்போது கலாத்தியர் நிருபத்தை நினைவுகூருவதில்லை.

அன்பென்று ஒரு பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு கடினமான வசனங்களையெல்லாம் தள்ளிவிட இது ஒரு சூழ்ச்சியாகாதா என்று கேட்கும் பக்திமான்களை நான் மதிக்கிறேன். அந்த அபாயம் உண்மையானதே. ஆனால் அன்பை உரைகல்லாகக் கொண்டவனுக்கு வேதம் எளிதாவதில்லை. பகைவனைச் சிநேகிக்கச் சொல்லும் வசனத்தையும், இரண்டு அங்கியுள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கச் சொல்லும் வசனத்தையும் அவன் எங்கே தள்ளுவான்? ஆகையால் நான் எனக்கென்று ஒரு சிறிய விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வசனத்தை எழுத்தின்படி பற்றிக்கொள்ளும்போது, அதன் பாரம் என் தோளில் விழுகிறதா, பிறர் தோளில் விழுகிறதா என்று பார்க்கிறேன். ஒரு வசனத்தைக் காலத்துக்குரியதென்று விடும்போது, அதனால் இளைப்பாறுவது நானா, பிறரா என்று பார்க்கிறேன். பற்றியதன் பாரமெல்லாம் பிறர்மேலும், விட்டதன் சுகமெல்லாம் என்மேலும் விழக் கண்டால், நான் வாசித்தது வேதத்தையன்று, என்னையே என்று அறிந்துகொள்ளுகிறேன். வியாக்கியான சாஸ்திரத்துக்கு இது மாற்றாகாது. அதன் வாசற்படியில் வைத்துக்கொள்ளும் விளக்கு இது.

இந்த விதியை நான் எந்த வேதக் கலாசாலையிலும் கற்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆச்சி வழக்கம்போல ரத்தப் பொரியலை இலையில் வைக்க வந்தபோது, தாத்தா கையை நீட்டி மறித்து, "எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு வை" என்றார். அதன்பிறகு அவர் தம் ஆயுசில் அதைத் தொட்டதில்லை. எங்களைத் தொடவேண்டாமென்று சொன்னதுமில்லை. ஆச்சியோ கொரிந்தியர் முதலாம் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தை, அதாவது ஒருவர் விருந்துக்கு அழைத்தால் முன்வைத்ததை விசாரியாமல் உண்ணலாம் என்று பவுல் சொன்னதை எடுத்து, அதே பகுதியில் ஒருவன் இது படைக்கப்பட்டதென்று சொன்னால் உண்ணாதே என்றும் இருக்கிறதே என்று அவர் பதில் கூற, இருவரும் அந்த வருஷம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தர்க்கம் தீர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

மறுவருஷம் பொங்கலன்று வடக்கு வீட்டு அத்தை வரவில்லை. தாத்தா சற்று நேரம் திண்ணையில் காத்திருந்தார். பிறகு எழுந்து, மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, தாமே அவர்கள் முற்றத்துக்கு நடந்து போய், "ஏம்மா, பிள்ளைகளுக்குப் பொங்கல் இல்லையா?" என்று கேட்டு, தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தார். அதை ஆச்சியிடம் கொடுத்தார். ஆச்சி எங்களுக்குப் பகிர்ந்து தந்துவிட்டுத் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். தாத்தா சாப்பிடவில்லை. மத்தியானம் கழுவித் துடைத்த தூக்குச்சட்டியில் எங்கள் தோட்டத்து முருங்கைக்காயை நிரப்பித் திருப்பிக் கொடுத்தனுப்பியவரும் அவரே.